தன் எடை அறியாத பாலம்

பாலம் எதைத் தாங்குகிறது? பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டேன். "ரயிலை" என்றான் ஒருவன். "மாட்டு வண்டியை" என்றான் மற்றொருவன். காற்றையும் வெள்ளத்தையும் தாங்குகிறது என்று சற்றே சிந்தித்து ஒரு மாணவி விடையிறுத்தாள். மூன்றும் சரியே. ஆயினும் முதலாவதாகச் சொல்ல வேண்டியதை எவரும் சொல்லவில்லை. பாலம் முதற்கண் தன்னையே தாங்க வேண்டும். வாய்க்காலின் மேல் இட்ட பலகைக்கு இது பெரிய காரியமன்று. பலகையைவிட அதன்மேல் நடப்பவன் கனமானவன். பாலம் நீள நீள இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. இரு தூண்களுக்கு இடையே அரைக் கிலோமீட்டர் தூரம் இருக்குமானால், அங்கே கட்டப்படும் இரும்பின் வலிமையில் பெரும்பகுதி அந்த இரும்பைச் சுமப்பதற்கே செலவாகிவிடும். ரயிலுக்கு எஞ்சுவது சிறு பங்கு.

இந்தக் கணக்கில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியும், பிழை வெளிப்பட்ட பின்னும் அதனை ஒப்புக்கொள்ளத் தயங்கிய மூன்று வார காலத்தைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். இடம், கனடா நாட்டின் கியூபெக் நகரம்.

ஐந்து பேரேரிகளின் நீரைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது செயின்ட் லாரன்ஸ் என்னும் பேராறு. அதன் வடகரையில் 1608-இல் தோன்றிய பழம்பதி கியூபெக். 'ஆறு ஒடுங்கும் இடம்' என்பது அங்குள்ள பழங்குடியினர் மொழியில் அப்பெயருக்குப் பொருள். ஒடுங்கிய இடத்திலும் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! கடலின் ஓதம் அங்கே ஆற்றில் ஏறி இறங்குகிறது. மாரிக்காலத்தில் பனிக்கட்டிப் பாளங்கள் மிதந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன. மேலே மான்ட்ரியல் நகருக்குச் செல்லும் பெருங்கப்பல்களின் பாய்மரம் முட்டாதிருக்க, நீர்மட்டத்திற்கு மேல் 46 மீட்டர் உயரம் விட்டாக வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பாலம் ஒன்று கட்டுவதற்காக 1887-இல் ஒரு கம்பெனி தோன்றியது. ஆனால் பணம்தான் பல்லாண்டுகள் தோன்றவில்லை.

அமைக்கக் கருதிய பாலம் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். நான்கு குச்சிகளை எடுத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரம் ஒன்று செய்யுங்கள். ஒரு மூலையை மெல்லத் தள்ளினால் அது சாய்ந்து குலைந்துவிடும். மூன்று குச்சிகளைக் கொண்டு முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும், குச்சி முறியுமேயன்றி வடிவம் குலையாது. ஓட்டு வீட்டுக் கூரையில் கைமரங்கள் இரண்டையும் கீழே ஓர் உத்தரம் பிணைத்திருப்பதை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுவே. இவ்வாறு முக்கோணங்களை வரிசையாகக் கோத்து அமைக்கும் கட்டினைப் பொறியாளர் 'ட்ரஸ்' என்பர். கெட்டியான இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்துவதைவிட, முக்கோணங்களால் ஆன பின்னல் ஒன்றை நிறுத்தினால் குறைந்த எடையில் மிகுந்த வலிமை கிடைக்கும்.

கியூபெக்கில் நடு ஆற்றில் சாரம் கட்டுதல் இயலாது. ஆதலின் இரு கரைகளின் பெருந்தூண்களிலிருந்தும் இரு இரும்புக் கைகளை ஆற்றின் மேல் நீட்டி, அவற்றின் நுனிகளுக்கிடையே நடுத்துண்டு ஒன்றைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தனர். நீட்டிய கை கவிழ்ந்துவிடாதபடி, அதன் பின்புறம் கரையை நோக்கி மற்றொரு கை சென்று நிலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்தில் 1890-இல் முடிந்த ஃபோர்த் பாலம் இவ்வகையினதே. கல்கத்தாவின் ஹௌரா பாலமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஃபோர்த் பாலத்தின் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் இதனை விளக்கிய முறை எந்த ஆசிரியனுக்கும் பொறாமை தரக்கூடியது. இரண்டு நாற்காலிகளில் இருவரை அமர்த்தினார். அவர்கள் இருபுறமும் கைகளை நீட்டி, நாற்காலியின் அடியில் ஊன்றிச் சாய்வாக மேலே வந்த கோல்களின் நுனியைப் பற்றிக்கொண்டனர். வெளிப்பக்கக் கைகளோடு செங்கற் பாரம் கட்டப்பட்டிருந்தது. உட்பக்கக் கைகளுக்கிடையே தொங்கிய பலகையில் வாதனபே என்ற ஜப்பானிய இளம்பொறியாளர் அமர்ந்திருந்தார். அவருடைய எடையால் இருவர் கைகளும் இழுபட்டன. கீழே உள்ள கோல்கள் அழுத்தப்பட்டன. பாலத்திலும் இவ்வாறே மேற்சட்டம் இழுபடும், கீழ்ச்சட்டம் நசுக்குண்ணும். கீழே உள்ள அந்தக் கோலை மறவாதீர்கள். நம் கதை முழுவதும் அதனைச் சுற்றியதே.

கம்பெனியின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹோர் என்பவர். 'பத்துக் கண் பாலம்' 'பன்னிரு கண் பாலம்' என்று நம் ஊர்களில் சொல்வார்கள் அன்றோ? அத்தகைய கண் ஒன்றின் அகலம் 90 மீட்டருக்கு மேற்பட்ட பாலம் எதிலும் அவர் பணியாற்றியதில்லை. ஆதலின் நியூயார்க்கில் வாழ்ந்த தியோடர் கூப்பர் என்னும் பெரும்புகழ் பெற்ற பொறியாளரை ஆலோசகராக அமர்த்தினர். செயின்ட் லூயி நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ஈட்ஸ் கட்டிய பாலத்தில் இளமையில் உழைத்தவர் கூப்பர். அங்கே அவர் உயரத்திலிருந்து ஆற்றில் விழுந்து நீந்திக் கரையேறியவர். கட்டுமானத்தின் எஃகுக் குழாய்களில் பிளவு கண்டபோது நள்ளிரவென்றும் பாராமல் தலைவருக்குத் தந்தி அடித்தவர். ரயில் பாலங்களின் பாரத்தைக் கணிக்க அவர் வகுத்த முறையைப் பொறியாளர் பலரும் கையாண்டனர். இரும்பாலைப் பொறுப்பு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பீனிக்ஸ்வில் என்ற ஊரிலிருந்த பீனிக்ஸ் பாலக் கம்பெனியைச் சேர்ந்தது. அதன் வடிவமைப்புப் பொறியாளர் பீட்டர் சிலாப்கா.

நடுக்கண்ணின் அகலம் முதலில் 1,600 அடி, அதாவது 488 மீட்டர். 1900-இல் கூப்பர் அதனை 1,800 அடியாக, 549 மீட்டராக நீட்டச் சொன்னார். தூண்கள் கரையை நெருங்கி ஆழம் குறைந்த நீரில் அமையும். பனிப்பாளங்களின் தாக்குதல் குறையும். செலவும் காலமும் மிச்சமாகும் என்றார். செம்மையான காரணங்களே. ஃபோர்த் பாலத்தின் கண் 521 மீட்டர். நீட்டிய பாலம் அதனை விஞ்சி உலகிலேயே பெரியதாகும். அந்தப் புகழாசையும் உள்ளே இருந்ததோ என்று கேட்பாருண்டு. ஒருவர் நெஞ்சினுள் இருந்ததை நாம் எங்ஙனம் அறிவோம்?

கண்ணை நீட்டினார்கள், ஆனால் பாலத்தின் எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. பழைய அளவிற்கு மதிப்பிட்ட எடையையே வைத்துக்கொண்டு சட்டங்களின் பருமனைத் தீர்மானித்தனர். அதனோடு, எஃகு தாங்கலாம் என்று அனுமதித்த அழுத்தத்தின் அளவையும் வழக்கத்திற்கு மேலே உயர்த்தியிருந்தனர். அரசாங்கத்தின் பொறியாளர் ஒருவர் வரைபடங்களை மீண்டும் ஆராயலாம் என்ற யோசனை எழுந்தபோது, தமக்கு மேல் ஒருவரா என்று கூப்பர் மறுத்துவிட்டார். முழுப்பொறுப்பும் அவரிடமே தங்கியது. அவரோ உடல்நலம் குன்றியவர். தூண்களுக்கு மேல் இரும்பு எழத் தொடங்கிய பின் ஒருமுறைகூட அந்த ஆற்றங்கரைக்கு அவர் வரவில்லை.

1906 பிப்ரவரியில் உண்மை வெளிவந்தது. ஆலையில் நிறுத்துப் பார்த்த எஃகின் எடை மதிப்பீட்டைவிட மிகுதி என்று பொருட்சோதனையாளர் தெரிவித்தார். அதற்குள் கரைப்பக்கத்துக் கை உருவாகி நின்றுவிட்டது. அழுத்தம் 7 முதல் 10 விழுக்காடு வரை மிகும் என்று கூப்பர் கணக்கிட்டார். இடித்துவிட்டுத் தொடங்குவதா, ஏற்றுக்கொண்டு மேலே செல்வதா? ஏற்றுக்கொண்டார்.

இனி அந்தக் கீழ்ச்சட்டத்திற்கு வருவோம். அது ஒரே கெட்டி இரும்பன்று. நான்கு நெடும் எஃகுத் தகட்டுச் சுவர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, மேலும் கீழும் குறுக்குப் பட்டைகளைப் பின்னி ரிவெட்டு அடித்துச் செய்தது. ஓர் ஈர்க்குக் குச்சியை நிமிர்த்தி உச்சியில் விரலால் அழுத்துங்கள். உடனே வில்லாக வளையும். நூறு குச்சிகளை இறுகக் கட்டிய விளக்குமாற்றை அழுத்துங்கள், அசையாது. கட்டு தளர்ந்திருந்தாலோ, நூறும் தனித்தனியே வளையும். நசுக்கப்படும் சட்டத்தில் பட்டைகள் செய்வது அந்தக் கட்டுக் கயிற்றின் வேலை. கியூபெக்கின் கீழ்ச்சட்டங்களில் அந்தப் பட்டைகள் மிக மெலிந்தவையாக இருந்தன. எத்துணைக் கனமான பட்டை போதும் என்பதைச் சோதனையால் அறிந்தவர் அக்காலத்தில் இல்லை. முழு அளவில் சோதிக்கப் பணமும் இல்லை.

1907 ஆகஸ்டுத் தொடக்கத்தில் தென்கரையிலிருந்து புறப்பட்ட கை ஆற்றின் மேல் வெகுதூரம் நீண்டிருந்தது. கூப்பரின் சார்பில் களத்தில் இருந்தவர் நார்மன் மக்லூர் என்ற இளம்பொறியாளர். கீழ்ச்சட்டங்கள் சில இடங்களில் வளைந்திருப்பதைக் கண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அவர் நியூயார்க்குக்கு எழுதினார். எப்படி நேர்ந்தது என்று கூப்பர் கேட்டார். ஆலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றது பீனிக்ஸ் தரப்பு. கடிதங்கள் போயின, கடிதங்கள் வந்தன. பாலத்தின் நுனியில் நாள்தோறும் புதிய எஃகு ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டு 27-ஆம் நாள் மக்லூர் பெருந்தூணை அடுத்த இடப்பக்கக் கீழ்ச்சட்டம் ஒன்றை மீண்டும் அளந்தார். ஒரு வாரத்திற்கு முன் வளைவு முக்கால் அங்குலம். இப்போது இரண்டேகால் அங்குலம். ஆலையிலேயே வளைந்த இரும்பானால் ஒரே வாரத்தில் எப்படி மும்மடங்கு வளையும்? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. மாணவர்களாகிய உங்களுக்கே அது விளங்கும். அங்கிருந்த முதிர்ந்த மனிதர்களுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? விளங்கியது என்றே எண்ணுகிறேன். ஆனால் வேலையை நிறுத்து என்று ஆணையிடும் துணிவு களத்தில் எவருக்கும் இல்லை. மேஸ்திரி ஒரு நாள் வேலையை நிறுத்தினார். மறுநாள் தாமே தொடங்கிவிட்டார். நிறுத்தினால் அனைவருடைய ஊக்கமும் குன்றும் என்று ஹோர் கருதினார். கூப்பரை நேரில் கண்டு கேட்டு வரும்படி மக்லூரை நியூயார்க்குக்கு அனுப்பினர்.

ஆகஸ்டு 29, வியாழக்கிழமை. முற்பகலில் மக்லூர் கூப்பரின் அலுவலகத்தை அடைந்தார். அளவைக் கேட்டதும் கூப்பர் ஐயமின்றி ஆபத்தை உணர்ந்தார். பாலத்தில் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று உச்சிப்பொழுதில் தந்தி அடித்தார். யாருக்கு? பீனிக்ஸ்வில்லுக்கு. கியூபெக்குக்கு அன்று! மக்லூர் கியூபெக்குக்குச் செய்தி அனுப்புவார் என்று அவர் நம்பினார். மக்லூர் அடுத்த ரயிலைப் பிடிக்கும் விரைவில் அனுப்பாமற் போனார். மாலை ஐந்து மணிக்குப் பின் பீனிக்ஸ்வில்லில் கூடிப் பேசினர். விடிந்ததும் முடிவு செய்யலாம் என்று கலைந்தனர்.

ஏறத்தாழ அதே பொழுதில், கியூபெக் நேரம் 5 மணி 37 நிமிடம். அன்றைய வேலை முடியும் தறுவாய். பாலத்தின் மேல் 86 தொழிலாளர் இருந்தனர். பீரங்கி வெடித்தது போன்ற ஓசை எழுந்தது. தூணை அடுத்த கீழ்ச்சட்டங்கள் மடங்கின. 19,000 டன் எஃகு பதினைந்து விநாடிகளில் கரையிலும் ஆற்றிலும் வீழ்ந்தது. பதினொருவர் பிழைத்தனர், 75 பேர் மாண்டனர். மேஸ்திரியும் அவர்களுள் ஒருவர். இடிபாட்டில் சிக்கிய சிலர் உயிருடன் இருந்தும், ஏறிவந்த ஓதத்தில் மூழ்கினர் என்பதைப் படிக்கும்போது இன்றும் மனம் நடுங்குகிறது.

மாண்டவருள் 33 பேர் மான்ட்ரியலுக்கு அருகிலுள்ள கானவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். 1886-இல் இதே ஆற்றின் மேல் அவர்கள் ஊரருகே ரயில் பாலம் ஒன்று எழுந்தபோது இரும்பு வேலை கற்றவர்கள். உயரத்தில் அஞ்சாமல் நடப்பதில் பெயர் பெற்றவர்கள். ஒரு சிற்றூரிலிருந்து ஒரே நாளில் 33 ஆடவர் போய்விட்டால் அங்கே எஞ்சுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய கல்லறைகளில் இரும்பு உத்தரங்களையே சிலுவையாக நாட்டினர். இனி நம் ஆடவர் அனைவரும் ஒரே பாலத்திற்குச் செல்லக்கூடாது, பிரிந்தே செல்ல வேண்டும் என்று அவ்வூர்ப் பெண்கள் வற்புறுத்தினர் எனச் சொல்லப்படுகிறது. பின்னர் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களில் அவ்வூரார் பலர் வேலை செய்ததை உலகம் அறியும்.

கனடா அரசு மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. ஹோல்கேட், கெரி, கால்பிரெய்த் என்ற அம்மூவரும் 1908-இல் அளித்த அறிக்கை, பொறியியல் பயில்வோர் இன்றும் நாடிப் படிப்பது. எஃகு கெட்டதன்று; தொழிலாளர் மீதும் குற்றமில்லை. வடிவமைப்பே தவறு. கீழ்ச்சட்டத்தின் பட்டைகள் வலுவற்றவை, எடை குறைத்து மதிப்பிடப்பட்டது என்று கண்டு, கூப்பர், சிலாப்கா ஆகிய இருவருடைய தீர்ப்புப் பிழையே காரணம் என்று பெயர் சொல்லி எழுதினர். அவர்கள் திறமையற்றவர் என்று குழு சொல்லவில்லை. அறியாதவர் செய்த பிழை என்றால் நாம் எளிதில் ஆறுதல் அடைந்துவிடலாம். இது அறிந்தவர் செய்த பிழை.

இரண்டாம் பாலத்தை அரசே ஏற்றது. கண்ணின் அகலம் அதே 549 மீட்டர். ஆனால் கட்டு முற்றிலும் வேறு. கீழ்ச்சட்டத்தின் குறுக்குப் பரப்பு முன்னதைப் போல் இரு மடங்கிற்கும் மேல். முக்கோணங்கள் ஆங்கிலத்தின் 'கே' எழுத்து வடிவில் பிணைக்கப்பட்டதால், நீண்டு வளையக்கூடிய உறுப்புகள் குறுகின. கைகள் இரண்டும் தவறின்றி எழுந்தன. 195 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 5,000 டன் எடையும் கொண்ட நடுத்துண்டை வேறோரிடத்தில் கட்டி, மிதவைகளில் ஏற்றிக் கொணர்ந்து, ஜாக்கிகளால் சிறிது சிறிதாகத் தூக்குவது திட்டம். 1916 செப்டம்பர் 11-ஆம் நாள் கரையெங்கும் மக்கள் திரண்டிருந்தனர். துண்டு நீரைவிட்டுச் சில மீட்டர் எழும்பியது. மூலையொன்றைத் தாங்கிய வார்ப்பிரும்புத் துணுக்கு உடைந்தது. துண்டு சரிந்து ஆற்றில் மூழ்கியது. 13 பேர் உயிரிழந்தனர்.

அப்போது செய்த ஒரு செயல் எனக்கு வியப்பளிப்பது. அஞ்சி வடிவமைப்பு முழுவதையும் மாற்றவில்லை. நீட்டிய கைகளை நன்கு சோதித்து, அவை பழுதுறவில்லை என்று கண்டனர். தவறியது தாங்கிய உறுப்பு ஒன்றே என்பதைத் தெளிந்து, அதனை மட்டும் மாற்றி, அதே போன்ற மற்றொரு துண்டைக் கட்டினர். 1917 செப்டம்பர் 17-இல் தூக்கத் தொடங்கி 20-ஆம் நாள் பொருத்தி முடித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் முதல் ரயில் கடந்தது. 1919 ஆகஸ்டு 22-இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் பாலத்தை முறைப்படி திறந்து வைத்தார். தியோடர் கூப்பர் மறைந்ததும் அதே ஆகஸ்டு மாதத்தில்தான்.

கனடாவில் பொறியியல் பட்டம் பெறுவோர் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் ஒன்று அணிவர். 1925 முதல் நடந்துவரும் வழக்கம் அது. அச்சடங்கின் வாசகத்தை எழுதியவர் ரட்யார்ட் கிப்ளிங். வீழ்ந்த பாலத்தின் இரும்பால் முதல் மோதிரங்களைச் செய்தனர் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாயிருக்கிறது, உண்மையன்று. நீங்கள் எங்கேனும் எழுத நேர்ந்தால் அதனைச் சேர்த்துவிடாதீர்கள்.

1970-இல் அருகே தொங்குபாலம் ஒன்று எழுந்து போக்குவரத்தில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொண்டது. எனினும் பழைய பாலத்தில் ரயில்களும் மோட்டார் வண்டிகளும் இன்றும் ஓடுகின்றன. துருப்பிடித்த அதன் எஃகுக்கு வண்ணம் பூச வேண்டியவர் யார் என்று ரயில்வே கம்பெனிக்கும் அரசுக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்து, 2024-இல் அரசே பாலத்தைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. இவ்வகைப் பாலங்களுள் அதனைவிட அகன்ற கண் உடையது நூறாண்டுகள் கடந்தும் உலகில் எங்கும் எழவில்லை. 1916-இல் மூழ்கிய நடுத்துண்டை எவரும் எடுக்கவில்லை. பாலத்தின் நேர் கீழே ஆழ்நீரில் அது கிடக்கிறது. மான்ட்ரியல் செல்லும் கப்பல்கள் அதன் மேலாகவே போய்வருகின்றன.